சேர்க்கை சரியில்லை

கிறிஸ்து பிறப்புக் குடிலைப் பிரித்துச் சுரூபங்களை வைக்கோலோடு பெட்டியில் அடுக்கிவைக்கும் சனவரி நாள்களிலேயே பங்கு இல்லத்துத் திண்ணைக்கு ஆள்கள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். நோயாளிக்கு நற்கருணை கொண்டுவரச் சொல்லியோ, திருமண ஓலை எழுதக் கேட்டோ வருகிறவர்கள் அல்லர் இவர்கள். கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் திருமுழுக்குச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டையின் நகல். இடுப்பில் மூன்றரை வயதுக் குழந்தை. "ஃபாதர், ஒரு லெட்டர் வேணும்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு பேச்சு தொடங்கும். சற்றுத் தொலைவிலுள்ள ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் தலைமைச் சகோதரிக்கு, இக்குடும்பம் எம் பங்கைச் சேர்ந்தது, தவறாது திருப்பலிக்கு வருவது, ஆவன செய்க என்று நான் எழுதித் தரவேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுக் குருத்துவப் பணியில் இப்படி எத்தனை கடிதங்கள் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. சென்ற ஆண்டு என் பேனா நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பெற்றோர் சிலருக்கு இது கசக்கும். உடன்பணியாளர்களான குருக்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் இன்னும் கூடுதலாகக் கசக்கக்கூடும். எனக்கும் இது இனிப்பான செய்தியன்று.

ஒரே நாளில் இருவர் வந்திருந்தனர். ஒருவர் ஒரகடம் பகுதியில் ஓர் ஆலையில் மேற்பார்வையாளர். சொந்த அடுக்குமாடி வீடும் காரும் உண்டு. மற்றவர் கோயிலுக்குப் பின்புறக் குடியிருப்பைச் சேர்ந்த இளம் தாய்; கணவர் ஒப்பந்தத் தொழிலாளி, சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. இருவருக்கும் ஒரே பள்ளிக்கு, ஏறத்தாழ ஒரே வாசகத்தில் எழுதிக் கொடுத்தேன். முதலாமவருக்கு இடம் கிடைத்தது. பத்து நாள் கழித்து அந்தத் தாய் வந்தார். பள்ளியில் கணவனையும் மனைவியையும் உட்காரவைத்து ஆங்கிலத்தில் சில கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள், குழந்தைக்கு யார் பாடம் சொல்லிக்கொடுப்பார் என்பன போன்ற கேள்விகள். பின்னர், இடம் நிரம்பிவிட்டது என்றார்களாம். நான் எழுதிய கடிதத்தை நான்காக மடித்துத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். "உங்க கையெழுத்து இருக்கு ஃபாதர், குப்பையில போட மனசு வரல" என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மாலை, மேற்பார்வையாளர் நன்றி சொல்ல இனிப்போடு வந்தார். அவர் வீட்டிலிருந்து இருநூறு அடி நடந்தால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. அதை ஒருமுறையேனும் போய்ப் பார்த்தீர்களா தம்பி, என்று கேட்டேன். அவர் தயங்காமல் சொன்னார்: "அங்க சேர்க்கை சரியில்லை ஃபாதர்."

தமிழில் இச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பள்ளியில் பிள்ளையைப் பதிவு செய்வதும் சேர்க்கை. பிள்ளை யாரோடு பழகுகிறது என்பதும் சேர்க்கை. முதற்பொருளில் நாம் தேடி அலைவதெல்லாம் இரண்டாம் பொருளிலிருந்து தப்பி ஓடவே என்பதை அந்த நல்ல மனிதர் தம்மையறியாமல் சொல்லிவிட்டார்.

வயலும் பலகையும்

நான் பணிபுரியும் இப்பகுதியைப் பலரும் அறிவர். இராமானுசர் பிறந்த ஊர் என்றும், 1991 மே 21 அன்று இராசீவ் காந்தி கொலையுண்ட ஊர் என்றும் மட்டுமே வெளியுலகம் அறிந்திருந்த திருப்பெரும்புதூர், ஒரு தலைமுறைக்குள் உருமாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் உருவாகி வெளிவந்தன. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. அதன்பின் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களிடையே கிடங்குகளும், உதிரிப்பாக ஆலைகளும், மகளிர் விடுதிகளும், அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. அவற்றோடு எழுந்தவை பள்ளிப் பலகைகள். ஆலையின் பெயர்ப்பலகையைவிடப் பெரிய எழுத்தில், 'இன்டர்நேஷனல்', 'குளோபல்' என்ற அடைமொழிகளோடு, நம் ஊர் வெயிலையே காணாத வெள்ளைக் குழந்தைகளின் படங்களோடு அவை நிற்கின்றன.

இப்பலகைகளின் கீழே நின்று பெற்றோர் 'தேர்ந்தெடுக்கிறார்கள்' என்று சொல்லப்படுகிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மைக் கல்வியாளர் பெற்றோரே என்றும், பள்ளியைத் தெரிவு செய்வதில் அவர்களுக்கு உண்மையான உரிமை இருக்கவேண்டும் என்றும் கற்பித்தது. குருமடத்தில் இதைப் படித்தபோது எளிதாகத் தலையசைத்தேன். இன்று கேட்கத் தோன்றுகிறது: திண்ணைக்கு வந்த அந்த இருவரில் தேர்ந்தெடுத்தவர் யார்? இளம் தாய் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் ஒதுக்கப்பட்டார். மேற்பார்வையாளரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார். தேர்ந்தெடுத்தது பள்ளி. சந்தையில் காய் பொறுக்குவதுபோலப் பெற்றோர் பள்ளியைப் பொறுக்குவதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கூடையில் கிடப்பவர்கள் பெற்றோரே. பொறுக்கும் கை பள்ளியினுடையது.

இது சட்டத்திற்கும் புறம்பானது. 2009ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ளது. அதன் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது நன்கொடை வாங்குவதையும், குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தெரிவு செய்வதையும் தடுக்கிறது. சோதித்தால் முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் தண்டம். நன்கொடைக்கு, வாங்கிய தொகையைப்போல் பத்து மடங்கு வரை தண்டம். சட்டம் இவ்வளவு தெளிவாயிருக்க, அந்தத் தாயைக் கேள்வி கேட்ட பள்ளி எப்படித் துணிந்தது? இதற்கு விடை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

விலை கொடுத்து வாங்குவது எதை?

தனியார் பள்ளியில் கல்வி உயர்ந்தது, ஆகவே கடன்பட்டேனும் அங்குச் சேர்க்கிறோம் என்பர். நேர்மையாக ஆராயவேண்டிய கூற்று இது. ஏனெனில் தனியார் பள்ளியில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதிகம். அவர்கள் நன்றாகப் படிப்பது பள்ளியாலா, வீட்டாலா என்பதை வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய முயன்ற ஓர் ஆய்வு நம் அண்டை மாநிலத்தில் நடந்தது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் 180 கிராமங்களில், விண்ணப்பித்த ஏழைக் குடும்பங்களிடையே குலுக்கல் முறையில் கட்டண உதவி வழங்கி, கிடைத்தவர்கள் தனியார் பள்ளிக்குச் செல்ல, கிடைக்காதவர்களோடு நான்கு ஆண்டுக்குப் பின் ஒப்பிட்டனர் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளியலறிஞர்கள். 2015இல் வெளியான அவர்களது முடிவு: தெலுங்கிலும் கணக்கிலும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முந்தினர். அரசுத் தொடக்கப் பள்ளியில் இந்தி கற்பிக்கப்படவில்லை என்பதே காரணம்.

இதே ஆய்வு தனியார் பள்ளிகளுக்குச் சாதகமாகச் சொல்வதையும் மறைக்கக் கூடாது. அரசு ஒரு பிள்ளைக்குச் செலவிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் அப்பள்ளிகள் அதே விளைவைத் தந்தன. ஆயினும் நம் கேள்விக்கு விடை மாறவில்லை. அதே குழந்தை, அதே வீடு, பள்ளி மட்டும் வேறு என்றால், கணக்கும் தாய்மொழியும் பெரிதும் வேறுபடவில்லை. அப்படியானால் கடன் வாங்கி நாம் வாங்குவது எதை?

தமிழகத்தின் அண்மை வரலாறே இதற்கு விடை சொல்லும். முன்பு சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழ் இயங்கிய மெட்ரிக்குலேசன் பள்ளிகள் 1970களின் பிற்பகுதியில் மாநில அரசின் மேற்பார்வைக்கு வந்தன. அதன்பின் பல்கிப் பெருகின. தனிப் பாடத்திட்டம் என்பதே அவற்றின் பெருமை. 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டு 9 அன்று உச்சநீதிமன்றம் அதை உடனே நடைமுறைப்படுத்தச் சொன்னது. மெட்ரிக் பிள்ளையும் ஊராட்சிப் பள்ளிப் பிள்ளையும் ஒரே புத்தகம் படிக்கலாயினர். மகிழ்ந்திருக்க வேண்டாமா? பல பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்திற்கு மாறின. மாறாத பள்ளியிலிருந்து பெற்றோர் மாறிச் சென்றனர். பழைய சுவர் இடிந்ததும் அடுத்த தெருவில் புதிய சுவர் எழுந்தது. நாம் விலை கொடுத்தது புத்தகத்திற்கன்று, சுவருக்கு.

அச்சுவர் யாரை வெளியே நிறுத்துகிறது? காலனிப் பிள்ளைகளை, செங்கற்சூளையிலும் கட்டடப் பணியிலும் உழைக்க வந்த ஒடிசா, பீகார் மக்களின் பிள்ளைகளை, தந்தையின் குடியும் தாயின் இரவுப் பணியும் அறிந்த பிள்ளைகளை. 'சேர்க்கை சரியில்லை' என்ற சொல்லை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது சாதியும் வர்க்கமும்தான். கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகுவித்துவிட்டு, அதே கையால் பிள்ளையைப் பிரித்து அழைத்துச் செல்கிறோம். சமபந்தியில் உட்காரச் சம்மதிக்கும் நாம் சமவகுப்பில் உட்காரச் சம்மதிப்பதில்லை.

பதினான்கு ஆண்டுக் கணக்கு

பொருளாதாரக் கணக்கையும் பார்ப்போம்; ஏனெனில் இச்சாலையில் அது உயிர்க் கணக்கு. மழலையர் வகுப்பில் சேரும் குழந்தை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆகும். கட்டணம் ஆண்டுக்காண்டு ஏறுமேயன்றி இறங்காது. பெற்றோரின் வேலைக்கு அந்த ஆயுள் உண்டா? 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது; அது வாழ்ந்தது எட்டு ஆண்டுகள். அது திறந்த ஆண்டில் மழலையர் வகுப்பில் சேர்ந்த குழந்தை, அது மூடியபோது தொடக்கப் பள்ளியைக்கூட முழுதாகக் கடந்து வெகுதூரம் சென்றிருக்காது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. நிரந்தரத் தொழிலாளிக்கே இந்நிலை என்றால், சில மாத ஒப்பந்தத்தில் பணிபுரிவோர் எந்தத் துணிவில் பதினான்கு ஆண்டுக் கட்டணத்திற்குக் கையெழுத்திடுகின்றனர்?

முந்தைய ஒரு பங்கில் நான் கண்ட குடும்பம் நினைவில் நிற்கிறது. வேலை போயிற்று, கட்டணம் பாக்கி விழுந்தது, பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றலாம் என்றால், பாக்கியைக் கட்டாமல் மாற்றுச் சான்றிதழ் தரமாட்டோம் என்றது பள்ளி. தாலிக்கொடி அடகுக்குப் போன பிறகே அந்தச் சிறுமிக்கு விடுதலை கிடைத்தது. இத்தகைய பெற்றோர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. மாற்றுச் சான்றிதழ் என்பது பாக்கி வசூலிக்கும் கருவியன்று. அதைக் காரணமாக்கிப் பிள்ளையைத் தவிக்கவிடக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 சூலையில் தீர்ப்பளித்தது. தொடக்கக் கல்வி வகுப்புகளில், சான்றிதழ் வரத் தாமதமானதைக் காட்டி மற்றொரு பள்ளி சேர்க்கையை மறுப்பதைக் கல்வி உரிமைச் சட்டமும் தடுக்கிறது.

ஆங்கிலப் பலகை எந்தக் குழந்தைக்கும் கவசமன்று என்பதையும் நாம் மறந்துவிட்டோம். 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். ஒரே கட்டடத்திற்குள் மூன்று பள்ளிகள் திணிக்கப்பட்டிருந்தன. 2012 சூலை 25 அன்று, நம் பகுதிக்கு அருகே முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதன் பின்னரே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. சீருடையின் கழுத்துப்பட்டையைப் பார்த்த நம் கண்கள் பேருந்தின் தளத்தைப் பார்க்கவில்லை.

நம் வீட்டுக்குள்

இனி, முன்னர் நிறுத்திய கேள்விக்கு வருகிறேன். அந்தத் தாயைக் கேள்வி கேட்டு அனுப்பிய பள்ளி ஒரு கத்தோலிக்கப் பள்ளி. கல்வி உரிமைச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. அரசு உதவிபெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2012 ஏப்ரலிலும், உதவிபெறுபவற்றுக்கும் பொருந்தாது என்று 2014 மே 6 அன்று பிரமதி வழக்கிலும் உச்சநீதிமன்றம் கூறியது. பிற தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை அருகிலுள்ள நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கவேண்டும்; நாம் ஒதுக்கவேண்டியதில்லை. பிறர் சோதிக்கக் கூடாது, நம்மைத் தடுப்பாரில்லை. 2014 தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் எழுப்பி, பேரமர்வின் பார்வைக்கு அனுப்பினர். அதன் முடிவு எதுவாயினும், ஒரு கிறிஸ்தவனுக்கு இது நீதிமன்றம் சொல்லித் தெரியவேண்டிய பாடமா?

அரசமைப்பின் 30ஆம் உறுப்பு தரும் சிறுபான்மை உரிமையை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். பெரும்பான்மையின் விருப்பத்திற்கேற்ப நம் நிறுவனங்கள் அழிக்கப்படாமலிருக்க அது வேலி. ஆனால் சிறியோர் பிழைத்திருக்கத் தரப்பட்ட வேலியைச் சிறியோரை வெளியே நிறுத்தும் வேலியாக மாற்றிவிட்டோமே! நம் பள்ளிகளின் இடங்களில் பெரும்பாலானவற்றைப் பெறுவோர் ஏழைக் கத்தோலிக்கர் என்றாலாவது ஓர் ஆறுதல் இருக்கும். கட்டணம் கட்டக்கூடிய எவரும் எம்மதத்தினராயினும் வரலாம். கட்ட முடியாத நம் சொந்தப் பங்கு மக்கள் கடிதத்தோடு வந்தாலும் திரும்பவேண்டும் என்பதே நான் கண்ட நடைமுறை.

இம்மாவட்டத்தில் நம் முன்னோர் செய்தது வேறு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர், நிலமும் மதிப்புமின்றிக் கிடந்த 'பறையர்' மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதிய காலம், மறைப்பணியாளர்கள் பல சபைகளிலிருந்தும் சேரிகளில் ஓலைக்கூரை போட்டுப் பள்ளி நடத்திய காலம். பிற பள்ளிகள் வாசலில் நிறுத்திய பிள்ளைகளுக்காகவே அவை எழுந்தன. அவற்றின் வழித்தோன்றல்களாகிய நம் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகள் இன்று எந்நிலையில் உள்ளன? பல வளாகங்களில் ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு வாயில்கள். ஒரு வாயிலில் அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளி, ஆண்டுக்காண்டு பிள்ளைகள் குறைந்து. மறு வாயிலில் ஆங்கிலவழிப் பள்ளி, பேருந்துகள் வரிசை கட்டி. மணி ஒன்று, மாதா கெபி ஒன்று. பிள்ளைகள் மட்டும் இரண்டு வகை.

மறைவாய்க் காக்குமாறு குரு உபதேசித்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி ஊரறிய முழங்கினார் என்று வைணவ மரபு போற்றும் பெரியவர் பிறந்த மண் இது. அந்த மண்ணில், குழந்தையை நடுவில் நிறுத்திச் சீடருக்குப் பாடம் சொன்ன ஆண்டவரின் பெயரால் பள்ளி நடத்தும் நாம், குழந்தையை வாசலில் நிறுத்திப் பெற்றோருக்குத் தேர்வு வைக்கிறோம்.

வேறு நாடுகளின் திருச்சபை இதே சோதனையைக் கண்டது. சிலி நாட்டில் 1981 முதல் அரசுப் பணம் பிள்ளையைத் தொடர்ந்து தனியார் பள்ளிக்குச் சென்றது; கத்தோலிக்கப் பள்ளிகள் பலவும் அந்த ஏற்பாட்டில் இருந்தன. பள்ளிகள் பிள்ளைகளைத் தெரிவு செய்தன, மேற்கட்டணம் வாங்கின, செல்வர் ஒரு பள்ளியிலும் வறியவர் மற்றொரு பள்ளியிலுமாகப் பிரிந்தனர். 2006இலும் 2011இலும் மாணவர் தெருவுக்கு வந்து போராடினர். 2015இல் இயற்றிய சட்டம், அரசுப் பணம் பெறும் பள்ளிகளில் தெரிவையும் மேற்கட்டணத்தையும் இலாபத்தையும் படிப்படியாக நீக்கியது. மாணவர் கல்லெடுக்கும் முன்பே நாமாகத் திருந்துவது மரியாதை.

"உங்களுக்குப் பிள்ளை இல்லை"

இவற்றை ஓர் அன்பியக் கூட்டத்தில் பேசினேன். ஒரு தாய் எழுந்தார். "உங்களுக்குப் பிள்ளை இல்ல ஃபாதர், அதனால சுலபமா பேசுறீங்க. ஒன்றியப் பள்ளியில ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பு எடுக்குறாங்க. என் பிள்ளைய வச்சு நான் ஊரத் திருத்தணுமா?" என்றார். கூட்டம் அமைதியாயிற்று. எனக்கும் உடனே பதில் வரவில்லை.

அவர் சொன்னது உண்மை. பிள்ளையற்றவன் பிள்ளை பெற்றவளுக்குத் தியாகம் போதிப்பது எளிது. ஏழைத் தாய் தன் ஒரே முதலை நெருப்பிலிட்டுச் சமத்துவத்தை வளர்க்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆசிரியர் பற்றாக்குறையும், கழிப்பறையின் நிலையும், ஆங்கிலம் பேசப் பழக்காத குறையும் பல அரசுப் பள்ளிகளில் உண்டு. இவற்றை மறைத்துப் பேசுவது ஏழைக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்பள்ளி அந்நிலைக்கு வந்தது எப்படி? கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் எல்லாரும் பிள்ளையை எடுத்துச் சென்றபின், கேட்கத் தெரியாதவர் பிள்ளைகளே எஞ்சினர். அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து, இன்னோர் ஆசிரியர் எங்கே என்று கேட்கவேண்டிய நாம், கேள்வியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டோம். அதையும் தனியார் பள்ளியில் கேட்பதில்லை. அங்கே வாசற்காவலரைத் தாண்டவே நமக்கு அனுமதியில்லை.

ஆகவே பெற்றோரிடம் என் வேண்டுகோள் சிறியது. பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வேலை நாளில் விடுப்பெடுத்து, அருகிலுள்ள அரசுப் பள்ளியையும் நீங்கள் விரும்பும் தனியார் பள்ளியையும் ஒருசேரச் சென்று காணுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை, தான் படிக்காத ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறாரா, நிலைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள்; குறைந்த ஊதியத்தில் வாடும் ஆசிரியை உங்கள் பிள்ளைக்கு நிறைவைத் தரமுடியாது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணக் குழு அப்பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். பேருந்தின் தளத்தையும் குழந்தை பயணம் செய்யும் நேரத்தையும் பாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அப்பள்ளியில் உங்கள் மொழியில், தலைநிமிர்ந்து, ஆசிரியரிடம் நீங்கள் பேச முடியுமா என்று பாருங்கள். தாய் பேச அஞ்சும் பள்ளியில் பிள்ளை தாயைக் குறித்து வெட்கப்படவே முதலில் கற்கும்.

அரசுப் பள்ளியைக் கைவிடுகையில் எதைக் கைவிடுகிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு தொடங்கிற்று. இரவுப் பணி முடிந்து விடியலில் வீடு திரும்பும் தாய்க்கு அந்த ஒரு வேளை உணவின் அருமை தெரியும். பார்த்து, எண்ணி, அதன்பின்னும் தனியார் பள்ளிதான் என்று முடிவு செய்தால், நான் குறுக்கே நிற்கமாட்டேன். அது அப்போதாவது உங்கள் தேர்வாயிருக்கும்.

இனி என் கடிதம்

நம் பள்ளிகளை நடத்தும் சகோதர சகோதரிகளுக்கும் ஆயர் இல்லத்தாருக்கும் என் வேண்டுகோள் இதைவிடப் பெரியது. சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தாத அந்த நான்கில் ஒரு பங்கு இடத்தை நாமாகவே திறப்போம். பள்ளியைச் சுற்றியுள்ள வறிய குடும்பங்களுக்கு, மதம் பாராமல், பலரறியக் குலுக்கலிட்டு வழங்குவோம். பெற்றோரைச் சோதிப்பதை இந்த ஆண்டோடு நிறுத்துவோம். பாக்கிக்காக எந்தப் பிள்ளையின் சான்றிதழையும் தடுக்கமாட்டோம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுவோம். பணத்திற்கு என்ன செய்வது என்பீர்கள். சட்டத்திற்கு வெளியே நிற்பதால் அரசு ஈட்டுத்தொகையும் நமக்குக் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் தேர்பவனியின் மின்விளக்கிற்கும் வாணவேடிக்கைக்கும் வசூலிக்கத் தெரிந்த பங்குகளுக்கு, ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளின் கட்டணத்தை வசூலிக்கத் தெரியாதா?

கடைசியாக, நான் செய்த பிழையைச் சொல்லி முடிக்கிறேன். இத்தனை ஆண்டுகளாக எழுதிய கடிதங்களில், கதவைத் திறந்தவை பெரும்பாலும் கடிதமே இல்லாமல் திறக்கக்கூடியவர்களுக்குத்தான் உதவின. கோயில் காணிக்கையில் தாராளமானவர், பங்குப் பேரவையில் இருந்தவர், என் உறவினரின் நண்பர் என்போருக்கு எழுதுகையில் என் வாசகம் சற்று அழுத்தமாகவே இருந்திருக்கும். குலுக்கல் இல்லாத இடத்தில் குருவின் கையெழுத்தும் ஒருவகைச் சாதிச் சான்றிதழே.

அந்தத் தாய் மடித்துத் தந்த கடிதம் என் செபமாலைப் பெட்டியில் இருக்கிறது. அவர் பிள்ளை இப்போது ஒன்றியப் பள்ளியில் படிக்கிறது. தாய் அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறார். சென்ற மாதம் மீண்டும் திண்ணைக்கு வந்தார். இம்முறையும் ஒரு கடிதம் வேண்டும் என்றார். பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஊரார் எழுதும் மனுவில் பங்குத்தந்தையின் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்றார்.

நின்றிருந்த பேனாவை எடுத்தேன். அந்த மனுவில் மேற்பார்வையாளரின் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறோம்.